வாசகர் வட்டத்துக்கு ஒருமுறை வந்த அம்மா

நாமக்கல் நூலகத்தில் அன்று ஒரு நாவலைப் பற்றிப் பேசினோம். கல்லூரி மாணவர்கள் சிலர் நண்பனைக் கொன்றுவிட்டுக் குற்ற உணர்வில் புழுங்கும் கதை. கொன்றவர்களுக்காக எல்லோரும் உருகினோம். நான் கொஞ்சம் கூடுதலாக. நரைத்த தலையை இழுத்து முடிந்திருந்த அந்த அம்மா மட்டும் ஒரே பக்கத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?" என்றேன்.

"கொன்னவனுகளே எழவூட்டுக்கு வந்து அழுகறானுக பாருங்க, அதுக்கு மேல படிக்க முடியலீங்க. எம்பையன் ஆஸ்டல்ல செத்தப்பவும் கூட்டாளிக எல்லாரும் வந்து அழுதாங்க. நாந்தான் 'சாப்பிட்டுப் போங்க சாமி'ன்னு சோறு போட்டேன். இப்ப ஒவ்வொரு மூஞ்சியா நெனச்சுப் பாக்கறனுங்க."

அவர் புத்தகத்தை மேசையில் வைத்தார். எங்களிடம் 'வாரேனுங்க' என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினார்.

எங்கள் பக்கத்தில் இழவு வீட்டிலிருந்துதான் அப்படிக் கிளம்புவார்கள்.