ரங்கநாதன் தெருவில் சக்கர நாற்காலி: கூறைச் சேலை வாங்கப் போன கதை

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் கொல்லிமலை, வால்பாறை, தனுஷ்கோடி என்று எழுதுகிறவள். இந்த முறை மயிலாப்பூரிலிருந்து தி.நகர். மொத்தமே ஐந்து கிலோமீட்டர். சிரிக்காதீர்கள். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் புளிப்பு மிட்டாய்கூட இல்லாமல் கடந்தவள் நான். எனக்கு நாக்குத் தள்ளியது ரங்கநாதன் தெருவில்தான்.

முதலில் ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். மந்தைவெளி, அடையாறு பக்கம் நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். சங்கம், பதிவு எண், ரசீது புத்தகம் ஒன்றும் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குழுதான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரி, கல்லூரி, சான்றிதழ் என்று சென்னைக்கு வரும்போது ஒரு ராத்திரி தங்க இடம் கொடுப்போம், கூடவே போவோம். எங்கள் வேலை அவ்வளவுதான். இது போல நீங்களும் செய்யலாமே என்ற நப்பாசையில்தான் இந்தப் பதிவு.

தை மாதம் இரண்டாவது வாரம் யோகராணி அக்கா போன் செய்தார். ஐம்பத்தைந்து வயது. குழந்தையோடு கடல் தாண்டி வந்தவர். ஷெல்லடியில் முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது. செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு முகாமில் ஜாக்கெட் தைக்கிறார். வீட்டுக்குள் விறுவிறுவென்று நடப்பார், அதிக தூரம் போனால் புண்ணாகிவிடும். அந்தக் குழந்தை நிரோஷன் இப்போது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். பக்கத்து அலுவலகத்தில் கணக்கு எழுதும் பவித்ராவை அவனுக்குப் பிடித்துவிட்டது, அவளுக்கும் இவனை. மாசியில் கல்யாணம். பெண் கோடம்பாக்கத்துப் பெண்.

"தங்கச்சி, கூறைச் சேலை எடுக்கோணும். அது மாப்பிள்ளை வீட்டுக் கடமை. எங்கட பக்கம் அதைத் தட்டில வைச்சு, சபையில இருக்கிற எல்லாரும் தொட்டு ஆசீர்வதிப்பினம். நானே போய்ப் பார்த்துத்தான் எடுப்பன்" என்றார்.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், அதனால் புதன்கிழமையே குறித்தோம். முகாம் அலுவலகத்தில் சொல்லிவிட்டு அக்கா முந்தின நாளே என் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் என் தையல் மிஷினைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எண்ணெய் விட்டு எத்தினை வருசம்?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

காலை 9.15க்கு மந்தைவெளியில் கிளம்பினோம். மயிலாப்பூரில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் சக்கர நாற்காலிகளை இரவல் கொடுக்கிறார்கள். ஆட்டோ 70 ரூபாய். ஆதார் நகலும் 500 ரூபாய் முன்பணமும் கொடுத்தால் போதும், திருப்பித் தரும்போது பணம் கைக்கு வந்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியம் சார் ஓய்வுபெற்ற ஆசிரியர். பிரேக்கை அழுத்திக் காட்டி, மடக்கிக் காட்டி, என்னையும் மடக்கச் சொல்லி, பரீட்சை வைத்துத்தான் வண்டியை விட்டார். நான் பாஸ்.

தி.நகருக்கு ஆட்டோக்காரர் 250 கேட்டார். நான் 150 என்றேன். "இன்னா மேடம், சேர் வேற கீது பாரு, அதுக்கு நான் டிக்கெட்டா கேட்டேன்?" என்றார். 180க்கு முடிந்தது. நாற்காலியை மடக்கி அக்காவின் காலடியில் குறுக்காக வைத்தால் ஆட்டோவில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நகமும் பத்து நிமிடமும் செலவாயின.

போகிற வழியில்தான் அக்கா மனதில் இருந்ததைச் சொன்னார். பெண்ணின் அம்மா கஸ்தூரி நேராகக் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சினிமாக் கம்பெனிகளுக்கு உடுப்பு இஸ்திரி போட்டு, ஒற்றை ஆளாகப் பெண்ணைப் படிக்க வைத்தவர். "கலியாணம் நடக்கும், பிள்ளையள் முடிவெடுத்தாச்சு. ஆனா இண்டைக்கு வரைக்கும் அவ என்னோட நேரா ஒரு சொல் கதைக்கேல்ல. ரெண்டு தரம் கண்டிட்டன், ரெண்டு தரமும் மகனோடதான் கதைச்சவ. முகாம் ஆக்கள், கையேந்துற ஆக்கள் எண்டு நினைக்கிறாவோ தெரியேல்ல. இந்தச் சேலைய நானே எடுத்து, என்ர காசில வாங்கிக் குடுத்தாத்தான் என்ர மனம் ஆறும்."

எனக்குச் சுருக்கென்றது. "பேசாமல் எங்கே போவார், பேசுவார்" என்று பெரிய இவள் மாதிரி சொல்லி வைத்தேன்.

உஸ்மான் சாலையில் கடை வாசலில் கஸ்தூரி நின்றுகொண்டிருந்தார். சிவப்பு ஜரிகைக் கரை, பெரிய பொட்டு, இறுக்கமான உதடு. என்னைப் பார்த்து, "வாங்க மேடம். வண்டி கெடச்சுதா?" அக்காவைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். லிப்டில் நாற்காலி கச்சிதமாக நுழைந்தது. பட்டுப் பிரிவு மூன்றாவது மாடி. காலை பத்தரைக்குப் போனால் கூட்டம் குறைவு, உட்கார மெத்தையும் கிடைக்கும், பதினொன்றரைக்கு மேல் கல்யாண கோஷ்டிகள் வந்துவிடும்.

விற்பனையாளர் எங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "எந்த ஹோம் மேடம்? தானத்துக்குக் குடுக்கற சேலை எல்லாம் கீழ்த்தளத்துல. அம்பது எடுத்தா டிஸ்கவுண்ட் உண்டு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரைப் பார்த்து என்ன பேச்சு இது? கஸ்தூரியின் முகம் கறுத்தது. அக்கா மட்டும் பதறவில்லை. "தம்பி, தானத்துக்கில்ல. மகனுக்குக் கலியாணம். கூறை காட்டுங்கோ, நல்லதா." பையன் காது சிவந்து, மன்னிப்புக் கேட்டு, மூன்று பேருக்கும் குளிர்பானம் வரவழைத்தான். பாவம், வேண்டுமென்றே சொன்னதில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் வாலிபால் வலை. கஸ்தூரி என் காதில், "மேடம், அவங்கையில சொல்லுங்க, பவித்ராவுக்கு அரக்கு எடுக்கும், மஞ்ச வாணாம்." அந்த 'அவங்க' இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்! அக்கா என்னிடம், "அரக்கு நல்லம், ஆனா கரை பச்சையா இருந்தா வடிவு எண்டு சொல்லுங்கோ." சொன்னேன், வேறு என்ன செய்ய? கடைசியில் அக்கா விற்பனையாளரிடம், "தம்பி, இதை அவவின்ர தோளில போட்டுக் காட்டுங்கோ. மகளுக்கும் தாயின்ர நிறம்தானே" என்றார். கஸ்தூரி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தோளைக் கொடுத்தார். கண்ணாடியில் பார்த்ததும் முந்தானையை ஒரு தரம் தடவிக்கொண்டார். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை, மயில் வைத்த தலைப்பு. விலை 14,200. அக்கா தன் கைப்பையைத் திறந்து தானே கட்டினார். பில் கவுண்டர்காரர் மீதியை என் கையில் கொடுக்க வந்தார். "அங்கே" என்று அதட்டினேன்.

அத்தோடு ஆட்டோ பிடித்திருக்கலாம். "ரங்கநாதன் தெரு எண்டு டிவியில மட்டும்தான் கண்டனான். ஒருக்காப் பார்ப்பமே" என்றார் அக்கா. கஸ்தூரிக்கும் மாம்பலம் ஸ்டேஷன்தான் போக வேண்டும், அந்தத் தெருதான் நேர் வழி. "சேரை வச்சிக்கினு அதுக்குள்ளயா? ஐயே!" என்று என்னிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். பத்தடி முன்னால், எங்களோடு சம்பந்தமே இல்லாதவர் போல. அக்காவும் அதைப் பார்த்தார். எனக்குத்தான் வயிறெரிந்தது.

தெருவின் நீளம் ஒரு முந்நூறு மீட்டர் இருக்கும். "நைட்டி நூத்தம்பது, நைட்டி நூத்தம்பது" என்று ஒரு காதில், "அக்கா கிளிப்பு, அக்கா கிளிப்பு" என்று மறு காதில். யாராவது ஒருவர் கால் சக்கரத்தில் மாட்டிக்கொண்டே இருந்தது. அக்காவோ திருவிழாவுக்கு வந்த பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். ஒரு வளையல் கடை முன்னால் நெரிசலில் அப்படியே நின்றுவிட்டோம்.

அப்போது ஒரு அம்மா, நல்ல குடும்பத்து முகம், கூட்டத்திலிருந்து குனிந்து அக்காவின் மடியில், அந்தப் பட்டுச் சேலைப் பையின் மேலேயே, ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்தார். "நல்லா இருங்கம்மா."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அக்கா ஒரு கணம் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன தங்கச்சி, என்ர மகன்ர கலியாணத்துக்கு இப்பவே மொய் வைக்கிறீங்களோ? மாசியிலதான் கலியாணம். கட்டாயம் வாங்கோ" என்றார்.

அந்த அம்மா வெலவெலத்துவிட்டார். "ஐயோ, மன்னிச்சிடுங்க, பின்னால எழுதியிருக்கே, அதைப் பார்த்துட்டு..." நான் குனிந்து பார்த்தேன். நாற்காலியின் முதுகில், வெள்ளை பெயிண்டில், அரையடி எழுத்தில்: அன்பளிப்பு, ஞானமுத்து குடும்பத்தினர். காலையிலிருந்து நான் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. நம்மூரில் டியூப் லைட்டிலேயே வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதுவோமே, நாற்காலியை விடுவோமா? கடைப் பையன் ஏன் அப்படிக் கேட்டான் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குள் கஸ்தூரி திரும்பி வந்துவிட்டார். நடந்ததைப் பார்த்திருக்கிறார். கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு வந்தார். அந்த அம்மாவைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை. நேராக யோகராணி அக்காவின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னா நீ! ரோட்ல போறவங்களை எல்லாம் கல்யாணத்துக்குக் கூப்ட்டுக்கினு கீறே? சாப்பாடு யாரு போடறது? பொண்ணு வூடு நானு! என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பிறகு, "ஒரு இலைதானே, கூடப் போடுங்கோவன்" என்றார்.

"போடறேன், போடறேன். இப்டி ஊரையே கூப்ட்டா நான் எங்க போறது?" என்று சொல்லும்போதே கஸ்தூரியின் கண் கலங்கியிருந்தது. பத்து ரூபாயை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்து, "தப்பா நெனச்சிக்காத. இவங்க கையால சேலை வாங்கிக் குடுத்துட்டு வர்றாங்க, எம் பொண்ணுக்கு" என்றார். பிறகு மடியிலிருந்த சேலைப் பையை எடுத்துக் கைப்பிடிகளில் மாட்டி அந்த எழுத்தை மறைத்தார். "மேடம், நீங்க தள்ளுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு முன்னால் போய், வளையல் கடைக்காரரே திடுக்கிடும் குரலில், "வழி வுடு நைனா! என் சம்பந்தி வர்றாங்க, வழி வுடு!" என்று கத்தினார்.

நம்ப மாட்டீர்கள், ரங்கநாதன் தெரு வழி விட்டது.

மாம்பலம் ஸ்டேஷனை மதியம் 12.50க்கு அடைந்தோம். கஸ்தூரி ரயிலை மறந்துவிட்டார். "வூட்டாண்ட வராம போனா இன்னா மரியாதை? மீன் கொழம்பு கீது" என்று ஆட்டோவைக் கூப்பிட்டு அக்காவை ஏற்றினார். தரைத்தள வீடு, நாற்காலி வேண்டாம், செயற்கைக் காலே போதும் என்றார் அக்கா. சாயங்காலம் நிரோஷனே கூட்டி வருவானாம். என்னையும் கூப்பிட்டார்கள்தான். ஆனால் இருவரும் பேசத் தொடங்கிவிட்டிருந்தார்கள், நாற்காலியையும் கொடுத்தாக வேண்டும், நான் வரவில்லை என்றேன்.

போகத் திட்டமிடுபவர்களுக்கு: வார நாளில், காலை பத்தரைக்கு. மாம்பலத்துக்கும் தி.நகர் பஸ் நிலையத்துக்கும் இடையே உள்ள ஆகாய நடைபாலத்தில் லிப்ட் இருக்கிறது, தெரு வேண்டாம் என்பவர்கள் அதில் போகலாம். கடைக்காரர் உங்களிடம் கேட்டால், நாற்காலியில் இருப்பவரைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள். நாற்காலி தானம் செய்பவர்களே, புண்ணியமாகப் போகட்டும், உங்கள் பெயரைச் சீட்டுக்கு அடியில் எழுதுங்கள். கடவுளுக்குக் குனிந்து பார்க்கத் தெரியும்.

மயிலாப்பூர் திரும்ப ஆட்டோ 170. ஆரோக்கியம் சார் பிரேக்கைச் சோதித்து, 500 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். எழுத்தைப் பற்றிச் சொன்னேன், அந்தக் குடும்பத்தாரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்துக் கவலையாகக் கேட்டார், "காலையில கூட்டிட்டுப் போனீங்களே அந்த அம்மா, எங்கம்மா?"

"சம்பந்தி வீட்ல சாப்பிடறாங்க சார்."