கரண்ட் இல்லை, கதிர்

எங்கள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் கருவியை இயக்குபவரை எல்லாரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நோயாளி உள்ளே தனியாகப் படுத்திருக்க, வெளியே, உள்ளறையைக் காட்டும் திரையைப் பார்த்தபடி மைக்கில் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பழக்கம் ஒரு தையல்காரம்மாவால் வந்தது.

அப்போதெல்லாம் அந்தச் சிகிச்சைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘கரண்ட் வைக்கிறது’. டாக்டரும் அப்படித்தான் சொல்வார், நர்சான நானும் அப்படித்தான். மார்பில் கட்டி எடுத்திருந்த தையல்காரம்மாவிடமும் அதையே சொன்னோம். மேசையில் படுத்தவர், கனத்த கதவு மூடத் தொடங்கியதும் துள்ளி இறங்கினார். படியேறி, வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்கே போய்விட்டார். அக்கா பின்னாலேயே ஓடினார். தையல்காரம்மாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன்.

“தையல் மெஷின்ல ஒரு தடவை ஷாக் அடிச்சே கையைத் தூக்க முடியல. இப்ப நெஞ்சுலயே வைக்கப் போறீங்களா?”

“ஷாக்கா? யாரு சொன்னா?”

“நீங்கதான கரண்ட்னு சொன்னீங்க!”

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்பு எங்க வாயிலதான். அது கரண்ட் இல்லைங்க, கதிர். சூரியக் கதிர்னு சொல்றோம்ல, அந்த வார்த்தைதான். ஆனா இது கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தப்ப வலிச்சுதா?”

“இல்ல.”

“அதே வகைதான். பலம் ரொம்ப அதிகம், அவ்வளவுதான். படும்போது வலிக்காது. போகப் போகத் தோல் கொஞ்சம் எரியும், அசதியா இருக்கும்.”

“அவ்வளவு நல்லதுன்னா நீங்க ஏன் கதவைச் சாத்திட்டு வெளிய ஓடுறீங்க?”

சமாளித்துவிட்டுப் போயிருக்கலாம். அக்கா அப்படிச் செய்யவில்லை. “உங்களுக்கு அது மருந்து, நோய் இருந்த இடத்துல படணும். நான் தினமும் எத்தனையோ பேருக்கு வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உள்ளயே நின்னா எனக்குக் கெடுதல்.”

தையல்காரம்மா என் கையிலிருந்த செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டார். “அப்ப தனியா விட்டுடாதீங்க. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க.”

என்ன பேசுவதென்று தெரியாமல் அன்று அக்கா, தன் சட்டையின் கைத்தையல் பிரிந்துபோன கதையை மைக்கில் சொன்னார். “எந்திரிங்க, முடிஞ்சுது” என்றதும், “எப்ப வச்சீங்க?” என்றார் தையல்காரம்மா.

பல வாரச் சிகிச்சையில் பாதி முடிந்திருந்தபோது அவர் முகம் வாடிப்போயிருந்தது. அக்கா விடாமல் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய். உடம்பில் கதிர் ஒட்டியிருக்கும் என்று பயந்து, மகளை அவர் பக்கத்தில் நாத்தனார் விடுவதில்லையாம்.

“நாளைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க” என்றார் அக்கா.

மறுநாள் சிகிச்சை முடிந்து கருவி நின்றதும் வீட்டாரை உள்ளே அழைத்தார். கதிரை அளக்கும் கைக்கருவியைச் சுவரோரம் பிடித்தார். எங்கும் இயல்பாகவே இருக்கும் கதிருக்கு எப்போதாவது ஒரு ‘டிக்’. தையல்காரம்மாவின் தோளருகே பிடித்தார். அதே ‘டிக்’தான்.

“டார்ச்சை அணைச்சப்புறம் சுவத்துல வெளிச்சம் ஒட்டியிருக்குமா?”

நாத்தனார் லேசில் விடுகிற ஆள் இல்லை. “எங்க பெரியம்மாவுக்குத் தொண்டையில நோவு வந்தப்ப, மாத்திரை குடுத்துத் தனி ரூம்ல வச்சாங்களே?”

“நல்லாக் கேட்டீங்க. அது கதிரியக்க மருந்து. உடம்புக்குள்ள இருக்கிற வரைக்கும் அதுலேர்ந்து கதிர் வந்துக்கிட்டே இருக்கும், அதனால ஒதுங்கித்தான் இருக்கணும். இவங்களுக்கு நாங்க தர்றது வெளியிலேர்ந்து படுற வெறும் கதிர்வீச்சு. மெஷின் நின்னா அதுவும் நின்னுடும்.”

 நாத்தனாரே மகளைத் தூக்கி அம்மாவின் மடியில் உட்கார வைத்தார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அன்றோடு ‘கரண்ட்’டை விட்டார். புதிதாக வருபவர்களின் குடும்பத்தை முதல் நாளே உட்கார வைத்துப் பேசும் வேலையை அக்காவிடம் கொடுத்தார். தையல்காரம்மா குணமாகி மறுபடி கடை திறந்துவிட்டார். அக்காவின் எதிரே இன்று காலையும் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.