அத்தான் போட்ட வழக்கு

எங்கள் அத்தானுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, கடைகளின் இரும்பு ஷட்டர்களைப் பழுது பார்ப்பது தொழில். காலையில் கடை திறக்க வந்து, ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு, உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் நிற்க முடியாமல் தவிக்கும் முதலாளிகள் முதலில் கூப்பிடுவது இவரைத்தான். வருவார். ஏணியைச் சாய்த்து ஏறி, மேலே சுருண்டிருக்கும் ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்ப்பார். "இது போச்சு" என்பார். இல்லையென்றால் "போகல" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு பேச்சு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கா அந்த நாரைத்தான் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்ட மனிதர் வாய் ஓயாமல் பேசுகிற விஷயம் ஒன்று உண்டு. அது கால்பந்து. அதுவும் ஓடி ஆடுகிற கால்பந்து இல்லை. கைப்பேசியில் ஆடுகிற கால்பந்து.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எட்டுப் பேர் ஒரு குழு. பந்தயம் தொடங்கும் முன்பு எல்லோரும் உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவராக, உண்மையான ஆட்டக்காரர்களில் ஆள் எடுப்போம். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. அந்த ஆட்கள் மைதானத்தில் ஆடுகிற ஆட்டத்தைப் பொறுத்து நமக்குப் புள்ளி. கோல்கீப்பர், டிஃபெண்டர், மிட்ஃபீல்டர், ஃபார்வர்ட் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தை, இந்த ஆட்டத்தை நடத்துகிற இணையதளமே எழுதி வைத்திருக்கும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கும். முன்னால் நிற்க வேண்டிய ஃபார்வர்ட் கோல் போட்டால் கொஞ்சம் புள்ளி; பின்னால் நின்று தடுக்க வேண்டிய டிஃபெண்டர் கோல் போட்டால் நிறையப் புள்ளி. அதனால் டிஃபெண்டர் என்று பெயர் எழுதிக்கொண்டு முன்னால் போய் ஆடுகிறவன் கிடைத்தால் அதிர்ஷ்டம். அவன் அடுத்தவர் கையில் கிடைத்தால் அநியாயம்.

இந்த அநியாயத்தைப் பற்றி கைப்பேசியில் எழுதித் திட்டிக்கொண்டதில் ஒருமுறை, எங்கள் குழுவில் இருக்கிற பேக்கரி அண்ணனும் தம்பியும் ஒரே கடைக்குள் தனித்தனிக் கல்லாப் பெட்டி வைக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். குழுவுக்குத் தலைவர் அத்தான். அவர் ஒரு விதி போட்டார். யாருக்காவது இன்னொருவருடைய ஆளின் இடம் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதக் கூடாது. வழக்கு போடுகிறவர் அந்த ஆளை வைத்திருப்பவருக்குப் போன் செய்து வாயால் பேச வேண்டும். பேசியும் தீராவிட்டால் அவன் இடத்தை மாற்றுவதா என்று மற்றவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வோம். "எழுதினா கோவம் ஏறும். பேசினா எறங்கும்," என்றார். ஆயுளில் பேச்சையே மிச்சம் பிடித்த மனிதர் சொன்னது இது. நாங்கள் சிரித்தோம். ஆனால் விதி நன்றாகவே வேலை செய்தது.

எட்டுப் பேரில் அத்தானின் மகளும் ஒருத்தி. அவளுக்கு வாய் அம்மாவுடையது, வீம்பு அச்சு அசல் அப்பாவுடையது. படிப்பு முடிந்ததும் அத்தானின் ஷட்டர் கடையில் அப்பாவோடுதான் வேலை பார்த்தாள். கிரீஸ் பூசிய கையோடு ஏணியின் மேல் படியில் நின்று அவள் ஷட்டர் பட்டை மாற்றுவதை வழியில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். வாடிக்கைக்காரர்கள் அவளைச் 'சின்ன முதலாளி' என்று கூப்பிடும்போது அத்தான் காது கேட்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். மீசை மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு தூரத்து நகரத்தில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்தது. ஆள் வந்தால் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு செய்கிற கம்பெனி. அதை அவள் கடையில் வைத்துச் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அத்தான் ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிக் கதவு விக்கப் போறவளுக்கு இந்தக் கடையில என்ன வேலை? போறதுன்னா போ. திரும்ப இந்த வாசப்படி ஏறாத," என்றார்.

அவர் மகளிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசாதவர் பேசினால் அதையும் இப்படியா பேசுவது! அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு கடைப் பக்கமும் வரவில்லை, வீட்டுப் பக்கமும் வரவில்லை. அம்மாவோடு தினமும் போனில் பேசுவாள். "அப்பாகிட்ட குடுக்கவா?" என்று அக்கா கேட்டால் இங்கே இவர் எழுந்து குளிக்கப் போய்விடுவார். அங்கே அவளுக்கு அவசரமாக வேறு போன் வந்துவிடும்.

ஆனால் ஆட்டத்தை விட்டு இருவரும் போகவில்லை.

அந்த வருடம் ஆள் எடுக்க உட்கார்ந்தோம்; மகள் மட்டும் அங்கிருந்தே தன் ஆட்களை எழுதி அனுப்பினாள். முதல் வாய்ப்பு அத்தானுக்கு. கோல் மழை பொழிகிற ஃபார்வர்ட் ஒருவன் கண்ணெதிரே இருக்கிறான். இவர் அவனை விட்டுவிட்டு, இடது பக்கத்தில் ஆடுகிற ஒரு மொட்டைத் தலையனை எடுத்தார். இணையதளத்தில் அவன் டிஃபெண்டர். மைதானத்தில் எங்கே நிற்பான் என்று அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. "வயசாயிருச்சு, கண்ணு தெரியல," என்று எங்கள் குழுவின் மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அடுத்தடுத்து இவர் எடுத்ததெல்லாம் இதே ரகம். வில்லங்கம் இல்லாத ஆள் ஒருவன்கூட இல்லை.

முதல் வாரமே மகளிடமிருந்து போன் வந்தது. அத்தான் கைத்துணியால் விரல்களைத் துடைத்து, கைப்பேசியை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"சொல்லு."

"உங்க மொட்டை டிஃபெண்டர் இல்ல. வழக்கு போடறேன்."

"ஏன்?"

"மேட்ச் பாத்தீங்களா? எங்க நின்னான்?"

"பின்னாடிதான் நின்னான்."

"பின்னாடியா? எதிர் டீம் கோல்கீப்பரோட வேர்வையத் தொடச்சு விடற தூரத்துல நின்னான்!"

"பந்து நம்மகிட்ட இருக்கும்போது ஆயிரம் எடத்துல நிப்பான். பந்து போச்சுன்னா எங்க ஓடறான்னு பாரு. அதுதான் அவன் எடம்."

"அப்படிப் பாத்தா எல்லாருமே டிஃபெண்டர்தான்."

இப்படியே போயிற்று. நடுவில் அவள், "இருமல் எப்படி இருக்கு?" என்றாள்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"இருக்கு."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போகணும்."

"போங்க. மொட்டை டிஃபெண்டர் இல்ல. ஓட்டுக்கு விடறேன்."

ஓட்டில் அத்தான் தோற்றார். தோற்றவர் அன்று முழுவதும் மெல்லிய குரலில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார். கிட்டத்தில் போய்க் கேட்டால், பாட்டு! அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர் கண் தெரியாமல் ஆள் எடுக்கவில்லை. மகள் போன் செய்வதற்கு எவனை எடுத்தால் தோது என்று பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார். அக்காவிடம் சொன்னேன். "இப்பத்தான் தெரிஞ்சுதா உனக்கு?" என்றாள்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. புள்ளிப் பட்டியலில் அத்தான் நிரந்தரமாகக் கடைசி. அவர் கவலைப்படவே இல்லை.

வில்லங்கம் மருந்துக்கடைக்காரர் வடிவில் வந்தது. வேறு யாரோ போட்ட வழக்கில் அவருடைய ஆள் ஒருவன் ஃபார்வர்ட் ஆக்கப்பட்டு, அவர் முதலிடத்தை இழந்தார். குழுவில் பொங்கிவிட்டார். எட்டுப் பேருக்கு ஒரு நீதிமன்றமா, இணையதளம் எழுதியதே முடிவு, இனிமேல் வழக்கும் வேண்டாம் போனும் வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சமமாக ஓட்டு விழுந்தால் பழைய விதி நிற்கும்.

நான் அலைந்தேன். என் போட்டோ ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுப் போய், குழுவில் இருந்த ஓவிய வாத்தியாரைப் பிடித்து எங்கள் பக்கம் இழுத்தேன். இன்னொருவரான பஸ் டிரைவர் மசியவில்லை. பேக்கரி அண்ணனும் தம்பியும் அன்றைக்கென்று பார்த்து ஒற்றுமையாகிவிட்டார்கள். விதி வேண்டாம் என்று நான்கு ஓட்டு. வேண்டும் என்று அத்தானும் நானும் வாத்தியாரும் மூன்று ஓட்டு. மிச்சம் மகள் மட்டும். அவள் எங்கள் பக்கம் போட்டால் சமம், விதி பிழைத்துக்கொள்ளும். அத்தான் கடையில் நான் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தேன்.

அவள் 'வேண்டாம்' என்று போட்டாள்.

அத்தான் கைப்பேசியைப் பார்த்தார். திருப்பி வைத்தார். எழுந்து போய் ஒரு பூட்டுக்கு எண்ணெய் விட்டார். எண்ணெய் பூட்டின் வாயில் இறங்காமல் வெளியே வழிந்து மேசையில் ஓடியது. அவர் விட்டுக்கொண்டே இருந்தார். பெற்ற பெண் இப்படியும் செய்வாளா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தெருவுக்கு வந்து அவளுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? அந்த மனுஷன் எதுக்கு அந்த விதியப் புடிச்சுத் தொங்கறார்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா?"

"ரெண்டு வருஷமா நான்தான் போன் பண்றேன் மாமா. அவர் ஒரு தடவ என் ஆளுங்க மேல வழக்கு போட்டிருக்காரா? என் டீம்ல வில்லங்கமே இல்லையா? நானும் வேணும்னுதான் எடுத்து வெக்கிறேன். யார் எங்க நிக்கிறான்னே தெரியாத ஆளா பாத்துப் பாத்து. ஒவ்வொரு வாரமும் போன் வரும் வரும்னு உக்காந்திருப்பேன். வராதன்னு சொன்னவரு அவரு. மொதல்ல கூப்பிட வேண்டியதும் அவருதானே?"

அப்பாவும் மகளும் ஆளுக்கொரு தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். கடிக்கத்தான் ஆள் இல்லை. சரி, அவர் தூண்டிலையாவது அவள் கடித்திருக்கிறாள்; அவள் தூண்டிலை அவர் தொடவே இல்லை.

உள்ளே வந்து அத்தானிடம் அப்படியே சொன்னேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட விட்டுவைக்கவில்லை. அவர் நீண்ட நேரம் மேசையைத் துடைத்தார்.

"அவ டீம் மேல நான் எப்படி வழக்கு போடறது மாப்ள?" என்றார் கடைசியில். "தலைவரா இருந்துக்கிட்டு பொண்ணுகூட மல்லுக்கு நிக்கக் கூடாதுன்னு இருந்தேன். விட்டுக் குடுத்துப் போறதா நெனச்சேன்."

"அவ நீங்க கைவிட்டுட்டதா நெனச்சுட்டா அத்தான்."

அந்த வாரம் மகளிடமிருந்து அத்தானுக்குப் போன் வரவில்லை. விதிதான் இல்லையே. அத்தான் இரண்டு முறை கைப்பேசியை எடுத்து எண்ணைத் தேடி, பார்த்து, வைத்துவிட்டார். "என்னத்தச் சொல்லிக் கூப்பிடறதாம்? மன்னிப்புக் கேட்டுப் பழக்கமா? நாக்கு ஒட்டிக்கும்," என்று அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். சொல்லும்போது அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டு முடித்த தட்டுகள் இன்னும் எடுக்கவில்லை. அத்தான் கையைக் கழுவினார். கழுவிய கையை மறுபடியும் கழுவினார். வந்து உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமல், எண்ணைத் தட்டி ஸ்பீக்கரைப் போட்டார். எதிரே அக்கா அசையாமல் நின்றாள்.

மணி முழுதாக ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"அப்பா?"

இவர் தொண்டையைச் செருமினார். வாய் திறந்தது, மூடியது. பிறகு ஒரு மூச்சில் சொன்னார்:

"உன் கோல்கீப்பர், கோல்கீப்பர் இல்ல. வழக்கு போடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குழுவில் மட்டுமில்லை, உலகத்திலேயே கோல்கீப்பர் மேல் எவனும் வழக்கு போட்டதில்லை. யார் எங்கே நிற்கிறான் என்று சண்டையே வர முடியாத ஒரே இடம் அது. எட்டுப் பேரிலும் கால்பந்து அதிகம் தெரிந்த மனிதர், எத்தனையோ வில்லங்க ஆட்கள் அவள் அணியில் இருக்க, பதற்றத்தில் போயும் போயும் அவனைப் பிடித்திருக்கிறார்.

"அப்பா," என்றாள் அவள், "அந்த விதி போயிருச்சுப்பா."

"தெரியும்."

"அவன் கையுறை போட்டிருக்கான்ப்பா. கையால பந்தப் புடிக்கிறான்."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் அத்தான். "பேசித் தீக்கணும்ல. நீ சொல்லு. எவ்வளவு நேரமானாலும் நான் கேக்கறேன்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று ஸ்பீக்கரில் சரியாகத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். கதவை நாங்கள் சாத்துகிற வரைக்கும், அந்தக் கோல்கீப்பர் ஏன் கோல்கீப்பர்தான் என்பதை அவள் ஆதியிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும், "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.