காற்றாலைப் பெட்டியைத் திறக்கச் சொன்னது நான்தான்

என் மனைவியின் தம்பி காற்றாலையில் மின்சாரம் தாக்கி இறந்தான். அவன் அவசரப்பட்டுவிட்டான் என்றுதான் குடும்பத்தில் எல்லாரும் பேசினார்கள். நாற்பது நாள் நானும் அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தேன். ஐந்து வேளையும் தொழுதுகொண்டேதான் மூடியிருந்தேன். அல்லாஹ்வுக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் தாராவியில் எங்களுக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. நானும் மச்சினனும் மட்டும்தான். ஒருநாள் செம்பூரிலிருந்து ஒரு கம்பெனி, எரிந்துபோன ஜெனரேட்டர் ஒன்றை டெம்போவில் அனுப்பியது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொட்டலில் காற்றாலை வைத்துப் பார்க்கிறார்களாம். பிரித்தால் உள்ளே நாங்கள் தினமும் பார்க்கிற மோட்டார்தான். மச்சினன் சிரித்துவிட்டான்.

"மச்சான், மோட்டாருக்கு மீச வரஞ்சு ஜெனரேட்டர்னு கொண்டாந்துருக்கானுவ!"

கம்பெனி இன்ஜினியர் பொறுமையாகச் சொன்னார். இதற்கு இன்டக்‌ஷன் ஜெனரேட்டர் என்று பெயர். லைனில் சேர்த்தால் மோட்டாராகச் சுற்றும். காற்று அதை அதன் வேகத்துக்கும் மேலே தள்ளினால், கரண்டை வாங்குவதை விட்டு லைனுக்கே கொடுக்கும். வேண்டிய காந்தத்தையும் லைனிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதுவரை எனக்குப் புரிந்தது. பிறகு கெப்பாசிட்டரைப் பற்றியும் ஏதோ சொன்னார். நான் கம்பியின் கனத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். மறுபடி கேட்கக் கூச்சம்.

கட்டி முடித்ததும் மாட்டிவிட்டு வர மச்சினனே கூடப் போனான். பத்து நாள் கழித்துப் பக்கத்து மருந்துக்கடைக்கு டிரங்க் கால் வந்தது.

"மச்சான், கீழ கண்ட்ரோல் பெட்டியில ஒரு போல்ட்டு லூசு. சூடாவுது. பிரேக் போட்டு நிறுத்த கம்பெனி ஆளு தூத்துக்குடியிலேருந்து வரணுமாம். இங்க மத்தியானம் தெனமும் லைன் போயிருது. அப்ப தொறந்து இறுக்கிரட்டா?"

"காத்தாடி சுத்திட்டு இருக்குமேல?"

"இருக்கும். அதுக்குத்தான ஒம்மகிட்ட கேக்கேன்."

"லைன் இல்லாட்டி அது சும்மா இரும்புல்லா. லாம்ப வச்சுப் பாத்துட்டு இறுக்கு. இறுக்கிட்டு ரயிலேறு. ஒன்னயக் காணாம ஒங்க லாத்தா என்னயப் போட்டு வாட்டுதா."

அக்கா பேச்சை எடுத்ததும், "நல்லா வேணும் ஒமக்கு" என்று சிரித்தான். அதோடு லைன் அறுந்தது.

மறுநாள் நான் சொன்னபடியே செய்திருக்கிறான். டெஸ்ட் லாம்பை லைன் வரும் பக்கம் வைத்திருக்கிறான், எரியவில்லை. நம்பி, ஜெனரேட்டர் இருக்கும் அடுத்த பக்கம் கை வைத்துவிட்டான். அங்கேதான் கெப்பாசிட்டர்கள் சேர்ந்திருந்தன. இரும்பில் மிச்சமிருக்கும் கொஞ்சக் காந்தமும் அந்தக் கெப்பாசிட்டரும் போதுமாம். காற்று சுற்றிக்கொண்டிருந்தால் லைனே இல்லாமல் ஜெனரேட்டர் தானாகக் கரண்டை உண்டாக்கிவிடுமாம். பின்னால் வந்து அந்த இன்ஜினியர்தான் விளக்கினார். எங்கள் தொழிலில் கரண்ட் லைனிலிருந்துதான் வரும். அந்தப் பக்கம் மட்டும் பார்த்தே பழகிய கை. என் கையும் அப்படித்தான் போயிருக்கும்.

நானும் மனைவியும் இரண்டு நாள் ரயிலில் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. தம்பியின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. மாமியார், "எம் புள்ளைக்குப் பொறும கெடயாதும்மா" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். என் மனைவி என்னைக் காட்டி, "இவ்வொகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா வேண்டாம்னுருப்பாவொளே" என்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பம்பாய்க்குத் திரும்பிய பிறகும் சோறு வடிக்கையில், துணி மடிக்கையில், அவனை ஏசிக்கொண்டே இருந்தாள். "யாருல ஒன்னய வெரட்டுனா? ஒரு நா பொறுத்தா என்ன?" செத்தவனால் பதில் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனதும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவன் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இத்தன நாளும் அவனல்லா ஏசிட்டு இருந்தேன்" என்றாள். பிறகுதான் அழுதாள். "கேட்டுட்டுத்தான் செஞ்சிருக்கான் எந் தம்பி. கேட்டுட்டுத்தான் செஞ்சிருக்கான்."

நான் கிட்டே போனேன். கையால் தடுத்தாள்.

"உம்மாவுக்கு எழுதுங்க. நீங்களே எழுதணும். ஒண்ணையும் விடப்படாது."

எழுதினேன். இரண்டு இடத்தில் நிறுத்தி வாசிக்கச் சொன்னாள். 'லாம்ப வச்சுப் பாத்துட்டு' என்று நான் சொன்னதையும், அவன் அதன்படி வைத்துப் பார்த்ததையும் தனியாக எழுதச் சொன்னாள். கடிதத்தை அவளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். எனக்குத் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.