பாட்டு நின்னதும் ஆரம்பிச்ச டான்ஸு

இத எழுதவே வேணாம்னுதான் இருந்தேன். டிரம்ஸ் அடிக்கிறவன் எழுதுனா யாரு படிப்பா? காலைல சர்ச்சு, மத்தியானம் சாவு வீடு, சாயங்காலம் ரிசப்ஷன்னு அடிக்கிறவன் நான். மியூசிக்ல எனக்குத் தெரியாதது இல்லன்னு ஒரு நெனப்பு.

பெங்களூர் ஆடுகோடில ஒரு ரிசப்ஷன். பொண்ணு வீடு தமிழ், மாப்ள வீடு கன்னடம். பொண்ணோட மாமா ஸ்டேஜுல ஏறி, "தமிழ்ப் பாட்டு பாடுங்கப்பா"ன்னாரு. பின்னாடியே மாப்ளயோட சித்தப்பா வந்து, "கன்னட ஹாடு ஹாக்ரி", கன்னடப் பாட்டு போடுங்கன்னாரு. ரெண்டு பேரும் சட்டையப் புடிச்சிக்கிட்டாங்க. பொண்ணு அழ ஆரம்பிச்சிருச்சு. பாடுற ஜோசப்பு, என் ஃப்ரெண்டு, பேந்தப் பேந்த முழிச்சான்.

"நீ வாய மூடிட்டு நில்லுடா"ன்னு சொல்லிட்டு, சாவு ஊர்வலத்துக்கு அடிக்கிற அடிய எடுத்து வுட்டேன். யாராச்சும் கண்டுபுடிச்சா அடுத்த ஊர்வலம் எனக்குத்தான்.

மொதல்ல மாமா தோளு ஆடுச்சு. சித்தப்பா சட்டைய வுட்டுட்டு விசிலடிச்சாரு. கண்ணத் தொடச்சிட்டு பொண்ணும் எறங்கி வந்து ஆடுச்சு.

கல்யாண அடி, சாவு அடின்னு பிரிச்சு வெச்சது நாமதான். காலுக்கு அதெல்லாம் தெரியல, மொழியும் தெரியல. பாட்டே இல்லாம அன்னிக்குத்தான் எனக்கு மியூசிக் புரிஞ்சுது.

இத ஜோசப்புக்கு அனுப்புனேன். அவன் பதில்: "அப்போ என்னைய எதுக்குடா கூட்டிட்டுப் போற?"