ஆயிரம் காய்த் தொட்டிக்கு எத்தனை அண்டா பிரியாணி?

தொண்டாமுத்தூரில் என்ன பார்க்கலாம் என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மலை பாருங்கள், தென்னந்தோப்பு பாருங்கள். நான் 1997 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அங்கே தேங்காய்த் தொட்டி பார்க்கப் போனேன். தொட்டி என்றால் எங்கள் பக்கம் கொட்டாங்குச்சி. சிரிக்காதீர்கள், அன்றைக்கு அப்பாவின் மானமே அதில்தான் இருந்தது.

அக்கா கல்யாணம் முடிந்து, ஞாயிறு மதியம் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தொண்டாமுத்தூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் கறி விருந்து. முந்நூறு பேர். எனக்கு அப்போது ஒரு மில்லின் எரிபொருள் லேப்பில் வேலை. நிலக்கரியோ விறகோ, எது வந்தாலும் கொஞ்சம் எரித்துப் பார்த்து, கிலோவுக்கு எத்தனை கிலோ கலோரி சூடு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சனி காலை ஆறரைக்கு ஆர்.எஸ்.புரம் ஹாஸ்டலுக்கு அப்பா போன் செய்தார். மழையில் விருந்து விறகு முழுக்க ஊறிவிட்டதாம், அக்கம்பக்கத்தில் எங்கும் காய்ந்த விறகு இல்லையாம்.

"ஏங் கண்ணு, நீதான் சூடு அளக்கறவளாச்சே, ஏதாச்சும் பண்ணு" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

7.40க்கு காந்திபுரத்தில் யூசுப்பைப் பிடித்தேன். கோட்டைமேட்டுச் சமையல்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், தனியாகப் பிடித்த முதல் பெரிய ஆர்டர் இது. அடுப்பு வெட்ட அன்றைக்கே தோட்டத்துக்குக் கிளம்பியிருந்தார். ஈர விறகு என்றதும் முகம் விழுந்துவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கலாமா என்றேன். பிரியாணியில் வாடை ஏறும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

தொண்டாமுத்தூருக்குப் பதினேழு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் மூன்று ரூபாய், ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் கணக்குதான். ஐந்து அண்டா, அண்டாவுக்கு நாற்பது கிலோ காய்ந்த விறகு வேண்டும் என்றார் யூசுப். காய்ந்த விறகு கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி, ஆக மொத்தம் ஏழு லட்சம். கேஸ் என்றால் ஒரு சிலிண்டர் நாற்பத்தைந்து கிலோ விறகுக்குச் சமம், ஐந்து சிலிண்டர் ஆகும். அந்தக் காலத்தில் ஒரு சிலிண்டருக்கே மாதக்கணக்கில் காத்துக் கிடக்கணும், ஐந்துக்கு எங்கே போவது? ஜன்னலில் தென்னந்தோப்பு வந்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. தொட்டி! லேப்பில் நான் எரித்துப் பார்த்தது, கிலோவுக்கு 4,800. நூற்று ஐம்பது கிலோ போதும்.

ஸ்டாப்பிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் பழனிசாமி அண்ணனின் தேங்காய்க் களம். கொட்டகை நிறையத் தொட்டி, காய்ந்து கணகணவென்று. நூற்று ஐம்பது கிலோ என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அங்கே யாரும் கிலோவில் விற்பதில்லை, ஆயிரம் காய்த் தொட்டி இவ்வளவு என்றுதான் விலை. பத்துக் காய்த் தொட்டியை அவர் தராசில் போட்டேன், ஒரு கிலோ முந்நூறு கிராம். ஆயிரத்து இருநூறு காய்த் தொட்டி தாராளம் என்று அறிவித்தேன். யூசுப் மெல்ல, இரண்டாயிரம் வாங்கலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. லேப்காரியிடமேவா!

பழனிசாமி அண்ணன்தான் பஞ்சாயத்து செய்தார். இரண்டு அடுப்பு மூட்டி, ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வைத்தார். எனக்கு ஒரு கிலோ தொட்டி. யூசுப்புக்கு, அண்ணன் தன் வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த கொஞ்சம் காய்ந்த விறகில், அதே சூடு தரும் ஒரு கிலோ முந்நூற்று எழுபது கிராம். என் தண்ணீர் முதலில் கொதித்தது. நான் கிட்டத்தட்டக் குதித்தேன். திரும்பிப் பார்த்தால் என் அடுப்பில் வெறும் கங்கு, அவர் விறகு இன்னும் நின்று எரிகிறது.

"சூடு உங்க கணக்குல இருக்குதுங்க அக்கா. நேரம் எங்கீங்க இருக்குது?" என்றார் யூசுப். "கறி வேகற வரைக்கும் தீ நிக்கோணும். தொட்டின்னா போட்டுட்டே இருக்கோணுமுங்க."

கிலோ கலோரியில் நேரத்துக்கு இடமில்லை. அப்பாவின் குரல் நினைவுக்கு வந்தது. முனகிக்கொண்டே இரண்டாயிரத்துக்குச் சரி என்றேன். தோட்டத்துக்கு டெம்போ அறுபது ரூபாய்.

ஞாயிறு 12.25க்கு முதல் அண்டாவைத் திறந்தார்கள். சீரகச் சம்பா உதிரி உதிரியாக, வாசம் வாய்க்கால் வரை போனது. ஓர் ஓரமாகக் கைகட்டி நின்ற அப்பா அப்போதுதான் மூச்சு விட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டு, இந்த மழையில் எங்கே கிடைத்தது விறகு என்று கேட்டார்.

"விறகு இல்லீங்க. ரெண்டாயிரம் காய்த் தொட்டி. அக்கா போட்ட கணக்குங்க" என்றார் யூசுப், என் பக்கம் திரும்பாமலே. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நானும் இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் தோப்புப் பக்கம் யானை வரும். தொட்டி வாங்குவதானால் பத்தை எடை போட்டுப் பாருங்கள், விறகு வாங்குவதானால் ஈரம் பாருங்கள், இல்லாவிட்டால் தண்ணீருக்குக் காசு கொடுப்பீர்கள். கிலோ கலோரி கணக்கைக் கட்டாயம் போடுங்கள், அது பொய் சொல்லாது. ஆனால் அடுப்படியில் நிற்கப்போகிறவர் இரண்டாயிரம் என்றால் இரண்டாயிரமே வாங்குங்கள். எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு மூட்டை. திங்கட்கிழமை அதில் வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டு, அப்பா பகல் முழுக்கத் தூங்கினார்.