பதினேழாம் எண் கதவு

வீடு வீடாகக் கதவைத் தட்டுகிற உத்தியோகத்தில் சம்பளம் மாசக் கடைசியில்தான் வரும். வசவு அன்றன்றைக்கே கைக்குக் கிடைத்துவிடும். கொசுப்புழு பார்க்கிறவர்களுக்கும் ஓட்டுச் சீட்டு கொடுக்கிறவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சி ஓரத்தில் ஒரு குடிசைத் தெரு. கொரோனா சமயத்தில் தெருவுக்கே ஒரு குழாய். "தள்ளி நில்லு" என்றால் எங்கே போய் நிற்பது? அதற்குப் பிறகுதான், யாரையும் காலி பண்ணாமல் இருக்கிற இடத்திலேயே வீட்டுக்கு வீடு குழாய் போடத் திட்டம் வந்தது. வாசலில் எண் ஒட்டுவது என் வேலை. எண் இல்லாவிட்டால் குழாய் இல்லை.

ஒட்டியதும் கிழித்ததும்

முதல் நாள் வெயிலில் நாய் படாத பாடு பட்டு எல்லாக் கதவிலும் மஞ்சள் காகிதத்தில் எண் ஒட்டினேன். மறுநாள் போனால் ஒன்றுகூட இல்லை! ஆத்திரத்தில் நடுத்தெருவில் நின்று கத்தினேன். தெருமுனை மளிகைக்கடை பாய் சோடா உடைத்துக் கொடுத்தார்.

"கொரோனாவுல இதே மாதிரி மஞ்ச காகிதம் ஒட்னாங்கம்மா. ஒட்ன வூட்ல அப்பறம் யாரும் வாய் தண்ணிகூட வாங்கிக் குடிக்கல. நீயும் அதே மஞ்சளை ஒட்டிக்கினு வந்தா இன்னா பண்ணுவாங்க?"

திறக்காத கதவு

செல்வி, வெள்ளிமலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வந்து இங்கேயே தங்கிவிட்டவள். கொரோனாவில் தெருவிலேயே முதல் மஞ்சள் காகிதம் ஒட்டியது அவள் வீட்டில்தான். நான் வெள்ளைக் காகிதம் கொண்டுபோனேன், பச்சை கொண்டுபோனேன். கதவு திறக்கவில்லை. சனிக்கிழமை பட்டியலை அனுப்பியாக வேண்டும். அதில் இல்லாத வீட்டுக்குக் குழாய் வராது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து கெஞ்சினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நீங்க ஒட்டிட்டுப் போய்டுவீங்க. அப்பறம் எம்பொண்ணுகூட யாருங்க விளையாடுவா?"

பாயின் பெயிண்ட்

பாயிடம் போய்ப் புலம்பினேன். கடை ஷட்டருக்கு அடித்து மீந்த நீலப் பெயிண்ட்டை எடுத்து, தன் கதவில் ஒன்றாம் எண்ணைத் தானே எழுதினார். டப்பா வீடு வீடாகப் போனது. அவரவர் கையால் எழுதினார்கள். ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு அளவு. ஆபீஸில் என்ன சொல்வார்களோ என்று எனக்கு ஒரே பயம்.

வெள்ளிக்கிழமை செல்வி வீட்டுக் கதவு திறந்திருந்தது. தெரு முழுக்க எண் ஏறியதைப் பார்த்துவிட்டு, அவளும் பதினேழு என்று எழுதி, சுற்றிலும் பூ வரைந்துகொண்டிருந்தாள். அவள் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கையெல்லாம் நீலம். சந்தோஷமாகப் பட்டியலில் பதினேழை எழுதிக்கொண்டேன். அவள் கேட்டாள்.

"கொழா வந்ததும் மொதல்ல நீங்க எங்க வூட்டுத் தண்ணி குடிக்கணும். வருவீங்களாங்க?"

போனேன், குடித்தேன், இத்தனை வருஷம் கதவு தட்டியதில் வசவு கலக்காமல் கிடைத்த முதல் சொம்புத் தண்ணீர் அதுதான்.